வாசகர் கேள்வி – பதில்: மறைந்தவர் குரலில் புதுப்பாட்டு

கேள்வி: மறைந்த பாடகர்களின் குரலில் புதிய பாடல்கள் வருகின்றனவே, அவற்றை உண்மையில் பாடுவது யார்? குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிவிட்டால் போதுமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடல் 2024 ஜனவரியில் வெளிவந்தபோது பலரும் கேட்ட கேள்வி இது. 2022இல் காலமான பம்பா பாக்யா, 1990களிலேயே விபத்தில் மறைந்த சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவின் துணையால் அதில் ஒலிக்கச் செய்த ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று, உரிய ஊதியத்தையும் அனுப்பியதாக அறிவித்தார்.

பாடியவர் யார் என்பதற்கு, சினிமாக்காரர்களுக்குப் பழகிய 'டிராக் பாடுவது' என்ற வழக்கத்திலிருந்து தொடங்கலாம். பெரிய பாடகர் வருவதற்கு முன், மெட்டும் சொற்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேறொருவர் முழுப்பாட்டையும் பாடி வைப்பார். பெரியவர் வந்து பாடியதும் டிராக் அழிக்கப்படும். குரல் மாற்றத்தில் பரவலாகக் கையாளப்படும் முறையும் இப்படித்தான் தொடங்குகிறது, ஆனால் டிராக் அழிவதில்லை. மறைந்தவரின் பழைய பதிவுகளிலிருந்து குரலின் நிறத்தை மட்டும் கற்றுக்கொண்ட கணினி, அந்த நிறத்தை டிராக் பாடகரின் குரல்மேல் ஏற்றுகிறது. எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, எந்த எழுத்தை அழுத்துவது, கமகம் எங்கே வளைவது என்பதெல்லாம் உயிரோடு நின்று பாடியவருடையவை. 'ராசாத்தி என் உசுரு' பாடலில் வாத்தியங்கள் பெரும்பாலும் ஒதுங்கி நிற்க, சாகுல் ஹமீது ஒரு சொல்லை இழுத்து விடும் விதத்தை நினைத்துப் பாருங்கள். நிறத்தைக் கடன் வாங்கலாம், அந்த இழுப்பை யாராவது பாடித்தான் ஆகவேண்டும். அப்படிப் பாடியவர் பெயரையும் பாடலோடு அச்சிடுவதுதான் நேர்மை என்பது என் கருத்து. 1994இல் காலமான நடிகர் பீட்டர் குஷிங்கின் முகத்தை 2016இல் 'ரோக் ஒன்' என்ற ஹாலிவுட் படத்துக்காக மீட்டபோது, உடலால் நடித்த கை ஹென்றியின் பெயரை மறைக்கவில்லை.

அனுமதி விஷயத்தில் நம் சட்டம் தெளிவாக இல்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து ஜெ.தீபா தொடர்ந்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் மறைவோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்குச் சொத்தைப்போல் இறங்குவதில்லை என்றே சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. ஆகவே இன்று குடும்பத்தாரிடம் கேட்பதில் சட்டக் கட்டாயத்தைவிட மரியாதையே அதிகம். கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு: 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் செயற்கையாக ஒலித்தபோது, அவர் மகன் சரண் தயாரிப்பாளருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

கேள்வி: வெளிநாடுகளில் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறதா?
— வாசகர், கோவை

பதில்: கலிஃபோர்னியாவில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் கையெழுத்தான சட்டப்படி, மறைந்த கலைஞரின் டிஜிட்டல் உருவத்தையோ குரலையோ திரைப்படம் போன்ற படைப்புகளில் பயன்படுத்த, அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமைதாரரின் சம்மதம் வேண்டும். செய்தி, விமர்சனம், நையாண்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உயிரோடிருக்கும் நடிகர்கள் அதற்கு முந்தைய ஆண்டே, 118 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின், தங்கள் டிஜிட்டல் நகலுக்குச் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்பதை ஹாலிவுட் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டார்கள். நம் ஊர் டிராக் பாடகருக்கு அப்படியொரு வரி இன்னும் எழுதப்படவில்லை.