முன்னால் சரக்கு, பின்னால் எடை: ஃபோர்க்லிஃப்ட் பற்றி உங்கள் கேள்விகள்

சரக்குக் கிடங்குகளைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, சரக்கைத் தூக்கி நகர்த்தும் வண்டியான ஃபோர்க்லிஃப்டுக்கு நான்கு வரிதான் ஒதுக்கினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு வரியைப் பற்றித்தான். இருபத்தாறு வருடம் இந்த வண்டிகளைப் பழுது பார்த்தும், ஓட்டக் கற்றுக்கொடுத்தும் வாழ்ந்தவன் நான். இவ்வளவு பேர் ஆர்வமாகக் கேட்டது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: தொலைபேசி என்றால் கிரகாம் பெல் என்கிறோம். ஃபோர்க்லிஃப்டைக் கண்டுபிடித்தவர் என்று யாரைச் சொல்வது? (ஒரு பொறியியல் மாணவி)

ஒரே ஒரு பெயர் சொல்ல முடியாது அம்மா. இந்த வண்டி துண்டு துண்டாகப் பிறந்தது. தூக்காமல் சுமக்க மட்டும் தெரிந்த வண்டிதான் முதலில் வந்தது. 1906-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வே, அல்டூனா ஸ்டேஷனில் பயணிகளின் பெட்டிகளைக் கொண்டுபோக பேட்டரியில் ஓடும் மேடை வண்டிகளை விட்டது. சாமான்களை ஏற்றுவதும் இறக்குவதும் ஆள்தான். நடுவில் உள்ள தூரம் சுமக்கும் வேலை மட்டும் மிச்சமானது.

முதல் உலகப் போரில் ஆட்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்தில் விவசாயக் கருவிகள் செய்துவந்த ரான்சம்ஸ், சிம்ஸ் அண்ட் ஜெஃப்ரீஸ் போன்ற கம்பெனிகள் சரக்கு தூக்கும் கருவிகள் பக்கம் திரும்பின. 1917-ல் மிச்சிகன் மாநிலத்தில், புக்கனன் என்ற ஊரில் வண்டிச் சக்கரங்களுக்கான அச்சு தயாரித்துவந்த கிளார்க் கம்பெனிக்காரர்கள், தங்கள் தொழிற்சாலைக்குள்ளேயே சாமான்களை நகர்த்த பெட்ரோலில் ஓடும் ஒரு வண்டியைச் செய்துகொண்டார்கள். டிரக்டிராக்டர் என்று பெயர். அதை விற்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "எங்களுக்கும் ஒன்று செய்து கொடுங்கள்" என்று கேட்கவும்தான் அது ஒரு வியாபாரமாக மாறியது. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன் கைவலிக்கு மருந்து தேடியவன் ஊர் வலிக்கே மருந்து கண்டுபிடித்த கதை.

அப்புறம் 1920-ஐ ஒட்டி ஹைட்ராலிக் முறையில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால், தூக்குவது வந்தது. 1923-ல் யேல் அண்ட் டவுன் கம்பெனி, சரக்கின் அடியில் நுழையும் இரண்டு ஃபோர்க்குகளும் (இரும்புக் கரங்கள்), அவற்றை உயர்த்தும், வண்டியின் உயரத்தையும் தாண்டி நீளும் மாஸ்ட்டும் (செங்குத்துச் சட்டம்) உள்ள மின்சார வண்டியைக் கொண்டுவந்தது. இன்று நாம் பார்க்கும் உருவத்துக்கு முதல் மூதாதை எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கும்போது மாஸ்ட்டில் செயின் எதற்கு? (ஐ.டி.ஐ. மாணவர்)

அருகில் போய்ப் பாருங்கள், வண்டி நிற்கும்போது மட்டும். செயினின் ஒரு முனை நகராத சட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து மேலே போய், சிலிண்டரோடு சேர்ந்து உயரும் ஒரு உருளைமேல் திரும்பி, கீழே வந்து ஃபோர்க் மாட்டிய சட்டத்தைப் பிடித்திருக்கும். சிலிண்டர் ஒரு அடி உயர்ந்தால் ஃபோர்க் இரண்டு அடி உயரும். கிணற்றுக் கப்பியைத் தலைகீழாகப் போட்ட கணக்கு. சுமையைப் போல் இரண்டு மடங்கு விசை சிலிண்டருக்குத் தேவைப்படும். ஆனால் குட்டையான சிலிண்டரை வைத்தே அதிக உயரத்துக்குத் தூக்கிவிடலாம்.

இந்தச் செயின் திடீரென்று அறுவதற்கு முன்னால், நீண்டு எச்சரிக்கை கொடுக்கும். புதிதில் 300 மில்லிமீட்டர் இருந்த துண்டு 309 ஆகிவிட்டால், அதாவது 3 சதவீதம் நீண்டால், மாற்றியே ஆகவேண்டும். ஃபோர்க்கும் அப்படித்தான். எல் எழுத்து மாதிரி வளைகிற இடத்தில் தடிமன் 10 சதவீதம் தேய்ந்தால் பலம் கிட்டத்தட்ட 20 சதவீதம் போய்விடும். "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். தடிமன் அளக்கும் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் கிடங்கில் சரக்கு அடுக்கும் ஒரு பேலட் உடைந்தால் கண்காணிப்பாளர் அவ்வளவு கோபப்படுகிறார். வெறும் பலகைதானே? (கிடங்கு ஊழியர்)

வெறும் பலகை இல்லை தம்பி. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உண்மையான நாயகன் அந்தப் பலகைதான். பேலட் இல்லாத ஃபோர்க்லிஃப்ட், கையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி. பிடிக்க ஒன்றும் இருக்காது.

ஆரம்பத்தில் இருந்தது ஸ்கிட். மேலே பலகை, கீழே இரண்டு கால், அவ்வளவுதான். தரையில் இழுத்துப்போக அது போதும். ஆனால் மாஸ்ட் வந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று ஆனபோது ஒரு தொல்லை வந்தது. மேலே வைத்த ஸ்கிட்டின் கால்கள், கீழே இருக்கும் மூட்டைகளிலும் பெட்டிகளிலும் குத்தி இறங்கின. அதனால் அடியிலும் பலகை அடித்தார்கள். பாரம் பரவியது, அடுக்கு நின்றது. அடியில் அடித்த அந்த நாலு பலகையால்தான் கிடங்கு மேல்நோக்கி வளர முடிந்தது.

எவ்வளவு நேரம் மிச்சமானது தெரியுமா? 1931-ல் வெளியான ஒரு ரயில்வே பத்திரிகைக் குறிப்பை இன்றும் இந்தத் துறையில் மேற்கோள் காட்டுவார்கள். 13,000 பெட்டி டின் உணவை ரயில் வேகனிலிருந்து கையால் இறக்க மூன்று நாள். அதே சரக்கு பேலட்டில் வந்தபோது நான்கு மணி நேரம். படிக்கிறபோது எனக்கு நேரக் கணக்கைவிட, அந்த மூன்று நாளும் குனிந்து நிமிர்ந்தவர்களின் இடுப்புதான் நினைவுக்கு வரும்.

இரண்டாம் உலகப் போரில் இது ராணுவத் தேவை ஆனது. அமெரிக்கக் கடற்படையின் சரக்குப் பிரிவில் இருந்த நார்மன் கேனர்ஸ், நான்கு பக்கமும் ஃபோர்க் நுழையும் பேலட்டை உருவாக்கினார். அதற்கு முன்னால் இரண்டு பக்கம் மட்டுமே நுழைய முடியும். நெருக்கடியான இடத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். போர் முடிந்து அமெரிக்கப் படை ஆஸ்திரேலியாவை விட்டுப் போனபோது, ஃபோர்க்லிஃப்டுகளையும் பேலட்டுகளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனது. அவற்றைப் பராமரிக்க அந்த அரசாங்கம் ஒரு அமைப்பை வைத்தது: காமன்வெல்த் ஹேண்ட்லிங் எக்விப்மென்ட் பூல். முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள், செப். உங்கள் கிடங்கில் நீல நிறப் பேலட்டுகளில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961-ல் 800-க்கு 1200 மில்லிமீட்டர் என்று ஒரு பொது அளவுக்கு ஒத்துக்கொண்டன. 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி. இன்றும் அதே கணக்குதான். சுமார் 25 கிலோ எடையுள்ள அந்தச் சட்டம் 1,500 கிலோவைத் தாங்கும். ஒரு பலகை விரிந்தாலும் அந்தக் கணக்கு கெட்டுவிடும். உங்கள் கண்காணிப்பாளர் கோபப்படுவது நியாயம்தான்.

கேள்வி: எங்கள் வண்டியில் 2,500 கிலோ என்று எழுதியிருக்கிறது. 2,300 கிலோ பெட்டியோடு போய் பிரேக் போட்டபோது பின்பக்கம் எழும்பியது. பெட்டி 1.4 மீட்டர் ஆழம். அதன் பிறகு மேஸ்திரி இரண்டு பேரைப் பின்னால் நிற்க வைத்து ஓட்டச் சொல்கிறார். இது சரியா? (ஓட்டுநர்)

சரியில்லை. இன்றைக்கே நிறுத்துங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் கணக்கு.

ஃபோர்க்லிஃப்ட் ஒரு சீசா. முன் சக்கரம்தான் அச்சாணி. பின்னால் வார்ப்பிரும்புக் கவுண்டர்வெயிட் (எதிர் எடை), முன்னால் சரக்கு. அதனால் எத்தனை கிலோ என்பது பாதிக் கேள்விதான். அச்சாணியிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பது மீதிப் பாதி. தகட்டை மறுபடி படியுங்கள்: 2,500 கிலோ, லோட் சென்டர் 500 மில்லிமீட்டர் என்று இருக்கும். அதாவது சரக்கின் மையம் ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியிலிருந்து அரை மீட்டருக்குள் இருந்தால்தான் 2,500.

முன் அச்சிலிருந்து ஃபோர்க்கின் முகம் 480 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 480-ம் 500-ம் சேர்ந்து 980. 2,500 கிலோவால் பெருக்கினால் 24,50,000. இதுதான் அந்த வண்டிக்கு அனுமதித்த அளவு. உங்கள் பெட்டியின் மையம் 700-ல் இருக்கிறது. 480-ம் 700-ம் 1,180. 24,50,000-ஐ 1,180-ஆல் வகுத்தால் 2,076 கிலோ. நீங்கள் தூக்கியது 2,300. தயாரித்தவர்கள் விட்டு வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளியைப் பெட்டி தின்றது. மிச்சத்தை பிரேக் தின்றது. மாஸ்ட்டை உயர்த்தினால் இதுவும் குறையும். நான் சொன்னது புரிவதற்கான கணக்கு மட்டும். உங்கள் வண்டிக்கு அதன் தகட்டில் இருப்பதுதான் முடிவு. இன்னொன்று: இந்த வண்டியில் திரும்புவது பின் சக்கரம். அது தரையை விட்டால், ஸ்டியரிங் கையில் இருந்தும் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.

இப்போது அந்த இரண்டு பேர். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு தொழிற்சாலையில் இதே காட்சி. கவுண்டர்வெயிட் மேல் இரண்டு பேர் ஏறி நின்றார்கள். எல்லோருக்கும் பழகிப்போன வேலை. மூன்று நடை நன்றாகவே போனது. நான்காவது நடையில் முன் சக்கரம் சாக்கடை மூடியின்மேல் ஏறி இறங்கியது. இடது பக்கம் நின்றவர் சறுக்கி விழுந்தார். அவர் எடை போனதும் பின்பக்கம் எழும்பியது, பெட்டி முன்னால் சரிந்ததும் பின்பக்கம் தடாலென்று இறங்கியது. அவருடைய வலது கால் அடியில் இருந்தது. அவர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு அந்தக் காலில் செருப்பு போட்டு நடக்கவில்லை. நான் பத்தடி தள்ளி ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தேன். தப்பு என்று எனக்குத் தெரியும். சின்னப் பையன் சொன்னால் யார் கேட்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் மேஸ்திரியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பெட்டியை இரண்டாகப் பிரித்து எடுங்கள், அல்லது பெரிய வண்டியை வரவழையுங்கள்.

கேள்வி: மின்சார ஃபோர்க்லிஃப்ட் புதுத் தொழில்நுட்பமா? (வாசகர்)

இல்லை, அதுதான் மூத்தது. அல்டூனாவில் ஓடியதும் பேட்டரிதான், 1923 யேல் வண்டியும் பேட்டரிதான். கார் உலகம் பெட்ரோலுக்குப் போன காலத்திலும், கூரைக்குக் கீழே புகை வேண்டாம் என்பதற்காகக் கிடங்குகள் மின்சாரத்தைக் கைவிடவில்லை. ஈய அமில பேட்டரி ஒரு டன்னுக்கு மேலும் எடை இருக்கும். காரில் அது சாபம், இங்கே வரம்: அதுவே கவுண்டர்வெயிட்டின் ஒரு பகுதி. இப்போது லித்தியம் பேட்டரி வருகிறது. சீக்கிரம் சார்ஜ் ஆகும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் எடை குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத் தனியாக இரும்பு வைக்கிறார்கள். பழைய வண்டியில் பேட்டரியை மாற்றுபவர்கள் தகட்டில் உள்ள குறைந்தபட்ச பேட்டரி எடையைப் பார்க்காமல் மாற்றக் கூடாது.

கேள்வி: ரீச் டிரக்குக்கு ஏன் பின்னால் அவ்வளவு பெரிய எடை இல்லை? (கிடங்கு மேற்பார்வையாளர்)

அதற்கு முன்பக்கம் இரண்டு கால் நீண்டிருக்கிறது. தூக்கியபின் மாஸ்ட்டை உள்ளே இழுத்து, சரக்கைச் சக்கரங்களுக்கு நடுவிலேயே கொண்டுவந்துவிடும். சீசா இல்லை, நாற்காலி. அதனால் வண்டி குட்டையாகிறது, குறுகலான சந்திலும் திரும்புகிறது. மிச்சமாகும் இடத்தில் இன்னொரு வரிசை அலமாரி வைக்கலாம்.

கேள்வி: என் மகன் புதிதாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போகிறான். வண்டி கவிழ்ந்தால் குதித்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே? (ஒரு தாய்)

தயவுசெய்து அதை இன்றே மாற்றிச் சொல்லுங்கள் அம்மா. உட்கார்ந்து ஓட்டும் வண்டி கவிழும்போது குதிப்பவரைவிட வேகமாக, ஓட்டுபவர் தலைக்கு மேலே இருக்கும் கம்பி மேல்கூண்டு தரைக்கு வரும். குதித்தவர்கள் அதன் கம்பிக்கு அடியில்தான் சிக்குகிறார்கள். பெல்ட் போட்டிருக்க வேண்டும். கவிழும்போது ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, பாதங்களை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்திருக்கும், நின்று ஓட்டும் வகை என்றால் மட்டும் வேறு: பின்னோக்கி இறங்கி விலகிவிட வேண்டும்.

எந்த வகை வண்டி என்று மகனிடம் கேளுங்கள். உட்கார்ந்து ஓட்டுவது என்றால், பெல்ட் பக்கிள் 'கிளிக்' என்று மாட்டுகிறதா, வேகமாக இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா என்று முதல் நாளே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டவில்லை என்றால், அது சரியாகும்வரை அந்த வண்டியில் ஏற வேண்டாம்.