கண்வலிக்கிழங்குக் கொடி மாட்டுக்கு ஆகுமா?

கேள்வி: கண்வலிக்கிழங்கில் காய் பறித்து முடித்துவிட்டேன். கொடியும் காய்த்தோலும் குவிந்து கிடக்கின்றன. எலுமிச்சைப்புல்லில் எண்ணெய் எடுத்த சக்கையும், அமுக்கிரா வேர் பிடுங்கிய செடியும் இருக்கின்றன. வைக்கோல் பற்றாக்குறை. மூலிகைதானே, கறவை மாடுகளுக்குப் போடலாமா?

பதில்: கண்வலிக்கிழங்கை மாட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் இருக்கும் கோல்ச்சிசின் கொடிய நஞ்சு. கிழங்கு, விதை, இலை, தண்டு எல்லாவற்றிலும் உண்டு, காயவைத்தாலும் போகாது. வயலில் நிற்கும்போது மாடு முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிடும். ஆனால் காய்ந்த கொடியை நறுக்கி வைக்கோலோடு கலந்துவிட்டால் அதற்குப் பிரித்துத் தின்னத் தெரியாது. ஆபத்தே அங்குதான். தின்ற சில மணி நேரத்திலோ மறுநாளோ எச்சில் ஒழுகும், கழிச்சல் பிடிக்கும், சாணத்தில் ரத்தமும் வரலாம். நஞ்சு பாலிலும் இறங்கும். கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கழிவை மாடு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

எலுமிச்சைப்புல் சக்கையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நார் அதிகம், புரதம் குறைவு. வைக்கோலுக்கு மாற்றாக மட்டும் நினையுங்கள், பசுந்தீவனத்துக்கு அல்ல. எண்ணெய் வடிக்கும் கலனிலிருந்து எடுத்த சக்கை சூடும் ஈரமுமாக இருக்கும். அப்படியே குவித்தால் சீக்கிரமே உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். பூசணம் பிடித்த தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவானால் அதுவும் பாலில் வரும். ஆகவே அன்றைக்கே மெல்லிசாகப் பரப்பி, கையில் நொறுங்கும்வரை காயவையுங்கள். மீதமிருக்கும் எண்ணெய் வாசனைக்கு மாடு முதலில் முகம் திருப்பும். ஒரு கிலோவில் தொடங்கி, வைக்கோலோடு கலந்து, 10-15 நாளில் மெதுவாகக் கூட்டுங்கள். கூடவே வேலிமசாலோ தட்டைப்பயறுக் கொடியோ கொடுத்தால் புரதக் குறை தீரும்.

அமுக்கிராவை விட்டுவிடுங்கள். கசப்பு, தண்டும் கட்டையாகிவிட்டிருக்கும். சினை மாட்டுக்கு வேண்டவே வேண்டாம். மட்கவைத்து உரமாக்குங்கள், போதும்.

சரி, பற்றாக்குறைக்கு என்ன செய்வது? இருக்கும் வைக்கோலையே சத்தாக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50-60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் 21 நாள் மூடிவையுங்கள். போடும் முன் சிறிது நேரம் உலர்த்தி, காரமான நெடி போனபின் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது கூடாது. யூரியா கரைத்த தண்ணீர் மிச்சமிருந்தால் மாடு வாய் வைக்காதபடி உடனே கொட்டிவிடுங்கள். அதைக் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து.