ரியோகான் வெந்நீர்க் குளியல்: கூச்சமும் பச்சையும்

கேள்வி: அடுத்த மாதம் கணவரும் நானும் ஜப்பான் போகிறோம். ஹகோனேயில் ஒரு இரவு ரியோகான் என்னும் பாரம்பரிய விடுதியில் தங்குகிறோம். அங்குள்ள ஓன்சென் என்னும் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டுமாமே? எனக்குக் கூச்சம். முன்கையில் சின்னதாகப் பச்சையும் குத்தியிருக்கிறேன். உள்ளே விடுவார்களா?

பதில்: ஆமாம், பெரும்பாலான இடங்களில் நீச்சலுடைகூடக் கூடாது. ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளங்கள். வாசல் திரை பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. சில விடுதிகளில் காலையில் இரண்டையும் மாற்றிவிடுவார்கள். நேற்று போன வாசல்தானே என்று நுழைந்துவிடாதீர்கள்.

அந்தக் குளம் அழுக்குப் போகக் குளிக்கும் இடமல்ல. குளித்து முடித்தவர்கள் உடம்பை ஊறவைக்கும் இடம். ஒரே தண்ணீரில்தான் எல்லோரும் இறங்குகிறார்கள், அதனால்தான் அதில் சோப்பு நுரையோ முடியோ துணியோ படக் கூடாது என்கிறார்கள். முதலில் ஓரத்தில் இருக்கும் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்காமல் சோப்புப் போட்டு நன்றாக அலசிக்கொள்ளுங்கள். கூந்தலை மேலே தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் சின்னத் துண்டால் மறைத்துக்கொண்டே நடக்கலாம். தண்ணீரில் இறங்கியதும் அதை மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். உற்றுப் பார்ப்பது அங்கே மரியாதைக் குறைவு, அதனால் உங்கள் கூச்சம் பாதி அங்கேயே போய்விடும். தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி சூடு இருக்கும். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். மது அருந்திவிட்டு இறங்கவே வேண்டாம்.

பச்சை விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். யாகுசா என்னும் குற்றக் கும்பல்களின் அடையாளமாகப் பார்க்கப்பட்டதால் பல இடங்களில் இன்னும் தடை இருக்கிறது. சின்னப் பச்சை என்றால் தோல் நிற ஒட்டுத்தாளால் மூடினால் போதும் என்று சில விடுதிகள் ஏற்றுக்கொள்கின்றன. சில ஏற்பதில்லை. போய் நின்று கேட்பதைவிட இப்போதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

அப்படியே ‘காஷிகிரி’ குளியல் உண்டா என்றும் கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு நீங்கள் இருவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கலாம். சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. கூச்சம், பச்சை இரண்டுக்குமே இதைத்தான் நான் சொல்வேன்.

அறையில் தரும் யுகாதா என்னும் மெல்லிய அங்கியை அணியும்போது வலப்பக்கத்தை முதலில் உடம்போடு சேர்த்து, இடப்பக்கத்தை அதன் மேல் கொண்டுவாருங்கள். மாற்றிக் கட்டினால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறையாகிவிடும். அப்புறம், தத்தாமி பாய் மேல் செருப்போடு ஏறாதீர்கள். கழிவறைச் செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு வாருங்கள்.