அமெரிக்கக் கல்லூரியின் நிதியுதவிக் கடிதம் எப்படித் தயாராகிறது?

கேள்வி கேட்டவர், தம் மகளுக்கு ஓர் அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2025-26 கல்வியாண்டுக்கு 19,895 டாலர் நிதியுதவி என்று வந்த கடிதத்தின் விவரங்களைத் தந்து, இந்தத் தொகையை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள், கேட்டால் கூட்டித் தருவார்களா என்று கேட்டிருக்கிறார். நடுமேற்கு மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில், நிதியுதவி அலுவலகத்தில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். உங்கள் மகளின் விண்ணப்பத்தை நான்கு பேர் மேசையில் வைத்து, குடும்ப நிலைமையை அலசி, இவ்வளவு கொடுக்கலாம் என்று தீர்மானிப்பதாகப் பெற்றோர் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். நடப்பது அதுவல்ல. நாங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் விதிகளைக் கணினியில் ஏற்றிவிடுவோம். பிறகு ஓர் இரவில் அது ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே ஓட்டத்தில் தொகைகளை அடுக்கிவிடும். மனிதக் கை படுவது அந்த ஓட்டத்தில் சிக்கி வெளியே விழும் கோப்புகளின் மீதும், யாராவது எழுதிக் கேட்கும் கோப்புகளின் மீதும் மட்டுமே. ஆகவே கணினி எதை எந்த வரிசையில் அடுக்குகிறது என்று புரிந்துகொண்டால், எந்த இடத்தில் பேசினால் பயன் உண்டு என்பதும் புரிந்துவிடும்.

அடுக்குவதற்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, கல்லூரி தானே நிர்ணயிக்கும் ஓராண்டு மொத்தச் செலவு. உங்கள் கடிதத்தில் அது 32,000 டாலர்: கல்விக் கட்டணம் 12,000, தங்குமிடமும் உணவும் 13,000, புத்தகம் 1,200, போக்குவரத்து 2,000, கைச்செலவு 3,800. இவற்றில் முதல் இரண்டு மட்டுமே ரசீதில் வரும். மற்றவை நீங்கள் கையிலிருந்து செலவழிப்பீர்கள் என்று கல்லூரி கருதும் தொகை. இரண்டாவது எண், ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பப் படிவத்தை நிரப்பியதும் மத்திய அரசின் சூத்திரம் கணக்கிட்டுத் தரும் எஸ்ஏஐ என்ற மாணவர் உதவிக் குறியீடு. 2024-25 முதல் இதுதான் குடும்பத்தின் பங்களிப்பைக் குறித்த பழைய இஎஃப்சி எண்ணின் இடத்தில் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது 4,000. செலவிலிருந்து இதைக் கழித்தால் வரும் 28,000 டாலர்தான் அலுவலக மொழியில் அவளுடைய 'தேவை'.

அந்தக் குறியீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 2025-26 படிவம் பார்ப்பது 2023ஆம் ஆண்டின் வருமானத்தை; அதாவது இரண்டு ஆண்டு பழைய வருமானத்தை. குடியிருக்கும் வீட்டின் மதிப்பும் ஓய்வூதியக் கணக்குகளில் உள்ள சேமிப்பும் சொத்தாகச் சேராது. ஆனால் ஊரில் வாங்கிப் போட்ட மனையும் வாடகைக்கு விட்ட வீடும், அமெரிக்காவுக்கு வெளியே இருக்கின்றன என்பதற்காக விலக்குப் பெறுவதில்லை. சொத்து விவரம் கேட்கப்படும் குடும்பமாக இருந்தால் அவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். சேமிப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். தாத்தா ஆசையாகப் பேத்தி பெயரிலேயே போட்டு வைத்த 10,000 டாலர், குறியீட்டை 2,000 டாலர் உயர்த்தும். அதே பணம் பெற்றோர் பெயரில் இருந்தால் அதிகபட்சம் 564 டாலர்தான் உயரும்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் உதவிக்குப் பிள்ளையின் குடியுரிமை நிலைதான் கணக்கு. பெற்றோர் எச்1பி விசாவில் இருந்தாலும், அமெரிக்காவிலேயே பிறந்த மகள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். மாறாக, பெற்றோரைச் சார்ந்து பெறும் எச்4 விசாவில் வளர்ந்த பிள்ளைக்கும், சென்னையிலிருந்து எஃப்1 என்ற மாணவர் விசாவில் நேரே போகும் மாணவருக்கும் மத்திய உதவி கிடையாது. கல்லூரி தன் சொந்தப் பணத்தில் கொடுத்தால்தான் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போல, வெளிநாட்டு மாணவரின் பணநிலையைப் பாராமல் சேர்த்துக்கொண்டு முழுத் தேவையையும் ஈடுகட்டும் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி அடுக்கும் வரிசை. அடித்தளம் பெல் கிராண்ட், அதாவது திருப்பித் தர வேண்டாத மத்திய அரசின் உதவித்தொகை. அதிகபட்சத் தொகையான 7,395 டாலரிலிருந்து குறியீட்டைக் கழித்தால் உங்கள் மகளின் பங்கு 3,395 டாலர். இதில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அடுத்து மாநில அரசின் கிராண்ட் 2,500. அதன்மேல் கல்லூரியின் சொந்தக் கிராண்ட் 6,000. பிறகு கடன்: முதலாண்டு மாணவருக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்தம் 5,500 டாலர். அதில் 3,500, படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்கும் சப்சிடைஸ்டு கடன். மீதி 2,000, முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும் கடன். கடைசியாக, வளாகத்தில் வேலை பார்த்து ஈட்டும் வொர்க் ஸ்டடி 2,500. ஆகக் கூட்டினால் 19,895.

கல்லூரியின் சொந்தக் கிராண்ட் என்ற அந்த ஒற்றை வரிதான் உண்மையில் முடிவு செய்யப்படுகிற வரி. ஆனால் அதையும் பெரும்பாலும் எங்கள் அலுவலகம் தனியாக முடிவு செய்வதில்லை. சேர்க்கைப் பிரிவும் நிதிப் பிரிவும் சேர்ந்து ஒரு கட்டம் போட்ட அட்டவணையைத் தரும். நெடுக்கில் பள்ளி மதிப்பெண், குறுக்கில் குறியீட்டு எண், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தொகை. 6,000 என்பது உங்கள் மகள் விழுந்த கட்டத்தில் இருந்த எண், அவ்வளவே. அனுமதி பெற்ற அனைவரும் வந்து சேர மாட்டார்கள் என்பதால், கையிருப்பை விட அதிகமாகவே முதலில் அறிவிப்போம். எதிர்பார்த்ததை விட அதிகம் பேர் சேர்ந்துவிட்டால், பிந்தி வந்த விண்ணப்பங்களுக்கு அந்த வரி காலியாகிவிடும். முன்னுரிமைத் தேதி என்று கல்லூரிகள் குறிப்பிடும் நாளை வெறும் சம்பிரதாயமாக எண்ணிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்தை நான் வாசிக்கும் விதத்தில் வாசித்துப் பாருங்கள். திருப்பித் தர வேண்டாதது மூன்று கிராண்டுகளும் சேர்ந்து 11,895 டாலர் மட்டுமே. எனவே ஓராண்டுப் படிப்பின் நிகரச் செலவு 20,105. கடனை 'உதவி' என்ற தலைப்பின்கீழ்க் கூட்டிக் காட்டுவது எனக்கு வேலையில் இருந்தபோதே பிடிக்காத வழக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, 91 விழுக்காடு கல்லூரிகள் இந்த நிகரச் செலவைக் கடிதத்தில் காட்டுவதே இல்லை அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்று மதிப்பிட்டது. ரசீதுக் கணக்கு இன்னொன்று: 25,000 டாலரில் கிராண்டுகளையும் கடனையும் கழித்தால், ஆண்டுக்கு 7,605 டாலர் நீங்கள் கட்ட வேண்டும். கடன் தொகையில் அரசு பிடித்துக்கொள்ளும் 1.057 விழுக்காட்டுக் கட்டணமான ஏறத்தாழ 58 டாலரும் இதோடு சேரும். வொர்க் ஸ்டடி 2,500 இந்த ரசீதில் கழியவே கழியாது. உங்கள் மகள் நூலகத்திலோ உணவுக்கூடத்திலோ வேலை தேடிக்கொண்டு, பார்த்த மணிகளுக்கு மட்டும் சம்பளமாக வாங்கும் பணம் அது. செப்டம்பரில் முதல் தவணை கட்ட வரும் பெற்றோர், இந்த 2,500 ஏன் கழியவில்லை என்று கேட்காத ஆண்டே கிடையாது.

வெளியிலிருந்து, தமிழ்ச் சங்கமோ ரோட்டரி கிளப்போ தரும் 1,000 டாலர் உதவித்தொகையை அறிவித்தால் கல்லூரி தன் கிராண்டைக் குறைத்துவிடுமா என்ற அச்சமும் பலருக்கு உண்டு. மொத்த உதவி மொத்தச் செலவைத் தாண்டக்கூடாது, தேவை அடிப்படையிலான உதவி தேவையைத் தாண்டக்கூடாது என்பதுதான் விதி. முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும் 2,000 டாலர் கடன் தேவை அடிப்படையிலான உதவியில் சேராது; அதை விட்டுக் கணக்கிட்டால் உங்கள் மகளுக்கு இன்னும் 10,105 டாலர் தேவை ஈடுகட்டப்படாமல் இருப்பதால், விதி எதையும் குறைக்கச் சொல்லாது. தேவை முழுதும் நிரம்பிய கோப்புகளில், எங்கள் அலுவலகம் முதலில் கடனைத்தான் குறைக்கும். சில கல்லூரிகள் தம் கிராண்டையே குறைத்துக்கொள்கின்றன. ஆகவே முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் மறைக்காதீர்கள்.

கேட்டால் கூட்டித் தருவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். படிவம் பார்த்த வருமானம் இன்றைய வருமானம் அல்ல என்றால், நிச்சயம் கேட்க வேண்டும். 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தில் 479ஏ பிரிவு, தக்க ஆவணம் இருந்தால் குறியீட்டைக் கணக்கிடும் விவரங்களைத் தனித்தனிக் கோப்பாகப் பார்த்து மாற்றும் அதிகாரத்தை நிதியுதவி அலுவலருக்கே தருகிறது. இப்படிக் கேட்பவர் அனைவரையும் ஒட்டுமொத்தமாக மறுப்பது என்று ஒரு கல்லூரி கொள்கை வைத்துக்கொள்ளவும் இப்போது சட்டம் இடம் தரவில்லை. வேலை இழப்பு, மணமுறிவு, பெற்றோர் மரணம், காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். கிரெடிட் கார்டு பாக்கியும் வீட்டுக் கடன் தவணையும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்பு, 2025 ஆகஸ்ட் மாதத்தில், நம் ஊர்க்காரர் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு வந்தார். பிப்ரவரியிலேயே வேலை போயிருந்தது. பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மைப் படி பெறுவதற்கான அரசுக் கடிதம் என எல்லாம் ஒழுங்காக இருந்தன. "வேலை போனதை மகன் படிக்கப்போற இடத்துல போய் சொல்லணுமான்னு கூச்சமா இருந்துச்சு தம்பி" என்றார். அவர் மகனின் குறியீடு 21,000 ஆக இருந்தது. அவ்வாண்டுக்கு எதிர்பார்க்கும் வருமானத்தை வைத்துத் திருத்தியதும் 1,600க்கு இறங்கியது. அதுவரை பெல் கிராண்டே இல்லாதவனுக்கு 5,795 டாலர் கிடைத்தது. கல்லூரிக் கிராண்டில் மட்டும் ஒரு டாலரும் கூட்ட முடியவில்லை, அந்த ஆண்டுப் பணம் ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது. அவர் ஏப்ரலில் வந்திருந்தால் அதிலும் இரண்டாயிரம் மூவாயிரம் பார்த்துக் கொடுத்திருக்கலாம்.

வருமானத்தில் மாற்றமே இல்லாமல், வேறு கல்லூரி அதிகம் தருகிறது என்று காட்டிக் கேட்பது அரசுப் பல்கலைக்கழகங்களில் அவ்வளவாகப் பலிக்காது. தனியார் கல்லூரிகளில் பலிக்கலாம். அங்கே முதலாண்டு மாணவருக்குத் தரும் சராசரித் தள்ளுபடி, அறிவித்த கட்டணத்தில் பாதியையும் தாண்டிவிட்டது. மெரிட் ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி, வெளிப்படையாகச் சொன்னால், ஆடித் தள்ளுபடிதான். ஒப்பிடத்தக்க கல்லூரியின் கடிதத்தை இணைத்து, மே 1ஆம் தேதிக்கு முன்னர், மரியாதையான நான்கு வரிகளில் எழுதினால் போதும்.

இந்தக் கடிதம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் ஆண்டில் சட்டம் அனுமதிக்கும் கடன் வரம்பு 6,500 ஆக உயர்கிறது. கல்லூரி தன் கிராண்டில் 1,000 டாலரைச் சத்தமின்றிக் குறைத்துவிட்டாலும், மற்ற வரிகள் மாறாதபோது, கடிதத்தின் அடியில் அதே 19,895 தான் நிற்கும். ஆகவே சேருவதற்கு முன்பே, இந்த 6,000 நான்கு ஆண்டுகளும் தொடருமா, அதற்கு எந்த மதிப்பெண் சராசரி வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வரும் பதிலைப் பட்டமளிப்பு நாள் வரை பத்திரமாக வைத்திருங்கள்.