வராத மாதங்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 32. ஆறு வருடமாக ஓடுகிறேன். வாரத்தில் ஆறு நாள், தினமும் பத்து கிலோமீட்டர். எடை 50 கிலோ, என் உயரத்துக்குச் சரியான எடைதான். கலோரி எண்ணித்தான் சாப்பிடுகிறேன், ஒரு நாளும் 1,400ஐத் தாண்டாது. எட்டு மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். முன்பு 28 நாளுக்கு ஒருமுறை வந்த மாதவிடாய் இப்போது 36, 40 நாள் என்று தள்ளிப்போகிறது. ஓட்டத்தால்தான் என்கிறார்கள் வீட்டில். உடற்பயிற்சி நல்லதுதானே, அது எப்படித் தடையாகும்? ஓடுவதை நிறுத்திவிட வேண்டுமா? கருமுட்டை வெளியாகும் நாளைக் காட்டும் கிட் வாங்கலாமா? யோகாவுக்கு மாறினால் போதுமா? (கணவருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. வாரம் ஏழெட்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டுபவர்.)

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உடல்நலக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. நான் மருத்துவர் இல்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த அதே வாரம் என் அக்கா மகள் போனில் பேசினாள். 20 வயது, கல்லூரி அணிக்காக ஓடுகிறவள். "சித்தி, நாலு மாசமா பீரியட்ஸ் வரல. பெரிய நிம்மதி" என்று சிரித்தாள். நன்றாக உழைக்கிறாய் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பயிற்சியாளர் வேறு சொன்னாராம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நானும் அப்படிச் சிரித்தவள்தான். 29 வயதில் முதல் மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு வைத்திருந்தேன். ஓடிய தூரம் ஒன்றில், காலை எடை இன்னொன்றில். முதலாவது ஏற ஏற, இரண்டாவது இறங்க இறங்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாதவிடாய்க்கு அந்த நோட்டில் பத்தியே கிடையாது. நின்று ஐந்து மாதமான பிறகு வலது பாதத்தில் ஒரு வலி வந்தது, போகவே இல்லை. எலும்பு மருத்துவரிடம் போனேன். பாதத்தை அழுத்திப் பார்த்தவர், தலையை நிமிர்த்தாமலே, "கடைசியாப் பீரியட்ஸ் எப்ப வந்தது?" என்று கேட்டார். கால் வலிக்கு வந்தவளிடம் இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம். படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் மயிரிழை விரிசல். மாதவிடாய் இப்படி நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்திருக்கும், அது குறைந்தால் எலும்பும் மெலியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அவர் அடுத்துக் கேட்டது, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். ஒரு கையே போதுமானதாக இருந்தது.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். இதை நீங்கள் பேனா எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும். 50 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் சுமார் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து கிலோமீட்டர் ஓட உங்கள் எடைக்கு ஏறக்குறைய 500 கலோரி செலவு. 1,400இல் 500 போனால் மிச்சம் 900. இந்த 900இல்தான் இதயம் துடிக்க வேண்டும், மூளை வேலை செய்ய வேண்டும், ரத்தம் ஊற வேண்டும், முடி வளர வேண்டும், அப்புறம் மாதம் ஒரு கருமுட்டையும் பழுக்க வேண்டும். 900ஐ 40ஆல் வகுங்கள். கிலோவுக்கு 22 சொச்சம் வருகிறதா? 45 இருந்தால் உடல் நிம்மதியாக இருக்கும். 30க்குக் கீழே போனால் என்ன ஆகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒழுங்காக மாதவிடாய் வந்துகொண்டிருந்த இளம்பெண்களுக்கு ஐந்தே நாள் சாப்பாட்டை இப்படிக் குறைத்துக் கொடுத்தார்கள். அந்த ஐந்து நாளிலேயே கருமுட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் துடிப்பு தளர்ந்துவிட்டது. நீங்கள் எத்தனை வருடமாக 22இல் இருக்கிறீர்கள்?

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு முறை என்ற கணக்கில் சின்னச் சின்னத் தட்டல்களாக ஹார்மோனை அனுப்பினால்தான் கருமுட்டை பழுத்து வெளியே வரும். சாப்பாடு குறைவதை அது உடனே கண்டுபிடித்துவிடும். 'இந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கே பற்றவில்லை, இதில் விருந்தாளி வேறா' என்று தட்டலின் இடைவெளியைக் கூட்டிவிடும். முதலில் சுழற்சி நீளும். அப்புறம் ரத்தம் வந்தாலும் கருமுட்டை வராத மாதங்கள். அப்புறம் எதுவுமே வராது. நீங்கள் முதல் படியில் நிற்பது போலத்தான் எனக்குத் தெரிகிறது. எடை சரியாக இருக்கிறதே என்கிறீர்கள். எடையெந்திரம் இதையெல்லாம் காட்டாது, அம்மா.

கொடுமை என்னவென்றால், குழந்தைக்குக் காத்திருப்பவளுக்கு 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்பது எப்பேர்ப்பட்ட வாக்கியம்! எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 35ஆம் நாள், 36ஆம் நாள், குளியலறையில் அந்தக் குச்சியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். ஒற்றைக் கோடு. ஆத்திரத்தில் ஷூவை மாட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுவேன். எதனால் தள்ளிப்போனதோ அதையே இன்னும் கொஞ்சம் செய்துவிட்டு வருவேன்.

ஓட்டத்தின் மீது பழியே இல்லையா என்றால், உண்டு. நார்வேயில் சுமார் 3,900 பெண்களைப் பத்து வருட இடைவெளியில் விசாரித்ததில், கிட்டத்தட்ட தினமும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் ஆள் ஓய்ந்து போகும்வரை செய்தவர்களுக்கும் கருத்தரிப்பதில் சிக்கல் அதிகம் இருந்தது. டென்மார்க்கிலும் வாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கடும் பயிற்சி செய்த பெண்களுக்கு மாதாமாதம் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் எடை கூடுதலாக இருந்த பெண்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. வேக நடை போன்ற மிதமான பயிற்சி எல்லோருக்குமே சற்று உதவியது. இதைப் படித்துவிட்டு, சினைப்பையில் நீர்க்கட்டி இருந்து மருத்துவர் நடக்கச் சொன்ன பெண்கள் சோபாவில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டாம். இது அவர்களுக்கு எழுதியது அல்ல.

கிட் வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். 40 நாள் சுழற்சியில் எந்த நாளிலிருந்து சோதிக்க ஆரம்பிப்பீர்கள்? யோகா நல்லதுதான். ஆனால் யோகா இல்லாதது அல்ல உங்கள் குறை. வீட்டார் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியில் அவர்களோடு சண்டை போடுங்கள்.

35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம் என்பார்கள். அது மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர்களுக்கு. நீங்கள் இந்த வாரமே போங்கள். தைராய்டு, புரோலாக்டின் போன்ற ஹார்மோன்களை எல்லாம் பார்க்கட்டும். நான் போட்ட கணக்கு தப்பாகவும் இருக்கலாம். போகும்போது ஓட்டக் கணக்கையும் சாப்பாட்டுக் கணக்கையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். இரண்டையும் கேட்கிற மருத்துவர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அடைப்புக்குறிக்குள் ஒருவரை உட்கார வைத்திருக்கிறீர்களே, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரச்சினை இல்லை என்று யார் சொன்னது? சோதித்தீர்களா? விதைப்பையின் வெப்பம் உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். வாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் மிதித்த ஆண்களுக்கு விந்தணு குறைவாக இருந்ததாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள், எல்லோரும் கருத்தரிப்பு சிகிச்சைக்கு வந்த தம்பதிகளைச் சேர்ந்தவர்கள். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். ஆகவே அவர் இன்று குறைத்தால் பலன் தெரிய அவ்வளவு நாள் பொறுக்க வேண்டும். உங்களுக்கு ஊசி, ஸ்கேன் எல்லாம் உண்டு. அவருக்கு விந்து மாதிரி கொடுக்க ஒரு டப்பாதான். அதை முதலில் செய்யுங்கள்.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறேனா? பாதியாக்குங்கள், வேக ஓட்டத்தை விடுங்கள், கலோரி செயலியை அழியுங்கள், காலையில் ஓடிவிட்டு வந்ததும் சாப்பிடுங்கள். எனக்கு நின்றது திரும்பி வர ஏழு மாதமானது. நான்கு கிலோ கூடினேன். அந்த நான்கு கிலோவுக்காக அழவும் செய்தேன், பொய் சொல்வானேன்.

நேற்று இதே கணக்கை என் அக்கா மகளுக்கும் போட்டு அனுப்பினேன். அவளுக்கு 19 வந்தது. "நாளைக்குப் பேசலாம் சித்தி, பயிற்சிக்குக் கிளம்பிட்டேன்" என்று பதில் வந்திருக்கிறது.

அன்புடன்