கூட்டம் எங்கே நடக்கிறது, அண்ணாச்சி?

குடியை விட நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு, ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு நெடுங்காலமாகச் சென்றுவரும் பாளையங்கோட்டைக்காரர் பதில் சொல்கிறார்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் நம் பக்கமும் நடக்கிறதாமே அண்ணாச்சி. போர்டு எதையும் காணோமே? (வள்ளியூர்)

போர்டைத் தேடினால் கிடைக்காது தம்பி. இந்தக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் சொந்தக் கட்டடம் இல்லை. வேதக்கோயில் (சர்ச்) வளாகம், பள்ளிக்கூட அறை என்று யாராவது தரும் இடத்தில் நடக்கும். இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால் முகவரியை விடப் போன் எண்ணே முக்கியம். ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளம் வழியாக உங்கள் பகுதித் தொடர்பைக் கேட்டுப் பெறலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரியுங்கள். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.

புறப்படுமுன் "இன்றைக்குக் கூட்டம் உண்டா, எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டுவிடுங்கள். வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவன் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், வழியில் டாஸ்மாக் திறந்துதான் இருக்கும்.

பெயர், ஊர், சாதியெல்லாம் கேட்பார்களா? வேதக்கோயில் என்கிறீர்கள், நான் இந்து. (தென்காசி)

சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை, உண்டியல் வரும், முடிந்தவர் போடலாம். வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை. வேதக்கோயில் தருவது இடத்தை மட்டும்தான். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வரும், ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள். நெல்லையப்பரை நினைத்துக்கொண்டு உட்காருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

உங்கள் உண்மையான பயம் எனக்குத் தெரியும். தெருக்காரன் எவனாவது அங்கே இருந்துவிட்டால்? இருந்தால் அவனும் அதற்காகத்தானே வந்திருக்கிறான்! அங்கே கேட்டதை வெளியே பேசுவதில்லை என்பது எல்லாருக்கும் பொது. மூடிய கூட்டமா, திறந்த கூட்டமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியதற்குக் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். திறந்ததற்கு வீட்டாரும் வரலாம்.

பீடி சுற்றித்தான் குடும்பம் ஓடுகிறது. குடிக்கிற வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா? (முக்கூடல்)

வேண்டாம் அம்மா. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், சாராயம் உடலில் முழுதாகச் சிதையாமல் பாதியில் நின்று நச்சாகத் தேங்கும். முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அதனால்தான் மருத்துவர் பரிசோதித்து, குடிப்பவரிடமே விளக்கி, அவர் சம்மதித்த பிறகு கொடுக்கிறார். ஒன்றும் அறியாமல் விழுங்கியவர் அன்று மாலையே கடைக்குப் போவார். பீடிக் கூலியை அந்த விளம்பரக்காரனுக்குக் கொடுக்காதீர்கள்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. பக்கத்தில் கூட்டம் இல்லையென்றால் போன் வழியாகவும் சேரலாம். அவரைத் திருத்தும் வித்தையை அங்கே கற்றுத்தர மாட்டார்கள். விடிய விடிய வாசலைப் பார்த்து உட்காராமல் தூங்கக் கற்றுக்கொள்வீர்கள்.

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டால் 41 நாள் தொடமாட்டேன். எனக்கு எதற்குக் கூட்டம்? (ஆலங்குளம்)

மாலையைக் கழற்றிய அன்று எங்கே போனீர்கள்? விரதத்தை நான் குறை சொல்லவில்லை; அது முடிகிற தேதி முன்கூட்டியே தெரிகிறதே, அதுதான் சிக்கல்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாகப் போன பில் என்ற பங்குத் தரகர், போன காரியம் தோற்று ஓட்டலில் நின்றார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்திலேயே மதுக்கூடம். உள்ளே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று போனில் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற அறுவை மருத்துவர். ஏ.ஏ. அங்கே பிறந்தது. 42ஆவது நாள் மாலை நீங்கள் யாருக்குப் போன் செய்வீர்கள்?

அப்பா தினமும் இரண்டு குவார்ட்டர். நாளையோடு நிறுத்தவைத்து அழைத்து வரட்டுமா? (அம்பாசமுத்திரம்)

முதலில் மருத்துவமனை. வருடக்கணக்காக நிறையக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்குவார்கள். பேய் பிடித்துவிட்டதென்று கோடாங்கியைக் கூப்பிடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். அறையில் பூட்டிவைக்கவே கூடாது. உடம்பு தேறியதும் கூட்டத்துக்கு வரட்டும்.

விட்டிருந்தேன், போன வாரம் மறுபடி குடித்துவிட்டேன். இன்றும் குடித்திருக்கிறேன். எந்த முகத்தோடு வருவது? (மேலப்பாளையம்)

இதே முகத்தோடு வாருங்கள். வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் வாருங்கள். இன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பேசுவதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.