இரவு இரண்டு மணிப் பிழை

அன்புள்ள ஐயா,

என் தம்பி பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். சென்ற மாதம் நைட் ஷிப்டில், இரவு இரண்டு மணிக்கு, சோதனைக்கான டெஸ்ட் சர்வரில் கொடுக்க வேண்டிய கட்டளையை, வாடிக்கையாளர்களுக்கான சேவை ஓடும் புரொடக்‌ஷன் சர்வரில் கொடுத்துவிட்டான். அது அவனுக்குத் தொடர்ந்து ஆறாவது இரவு. விசாரணை அறிக்கையில் ‘மனிதப் பிழை’ என்று ஒரே வரிதான் இருந்ததாம். இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். அவனிடம் நான் என்ன சொல்வது?

வாசகர், காவேரிப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பியின் தகுதியில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ‘மனிதப் பிழை’ என்று எழுதிக் கையொப்பமிட்டவர்கள், அந்த மனிதர் ஏன் பிழை செய்தார் என்று கேட்காமலே கோப்பை மூடிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் இதேதான் நடந்தது. வேலையை முடித்துக் கிளம்பவேண்டிய பொறியாளர் ஒருவர், திடீரென்று வந்த சிக்கலைச் சரிசெய்ய இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முதன்மைச் சர்வரின் நகலாக இருக்கும் துணைச் சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மைச் சர்வரில் அழித்தார். இரண்டின் பெயர்களுக்கும் ஓர் இலக்கம்தான் வேறுபாடு. ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அதைவிடப் பெரிய குறை பிறகுதான் தெரிந்தது: அன்றாடம் நடப்பதாக எல்லோரும் நம்பியிருந்த பேக்கப் (தரவை நகலெடுத்து வைத்தல்) நடக்கவே இல்லை, அது தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. இதற்கெல்லாம் அந்த ஒருவரா பொறுப்பு? நிறுவனம் அவரைப் பலியிடவில்லை. நடந்ததை முழுவதுமாக வெளியிட்டு, எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது திரையில் பளிச்சென்று தெரியும்படி மாற்றும் வேலையையும் எடுத்துக்கொண்டது.

நானும் பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்தவன். அருகருகே இரண்டு கறுப்புத் திரைகள், ஒரே எழுத்து, ஒரே நிறம். கண் எரியும் அந்த நேரத்தில் இடது ஓரத்தில் இருக்கும் சர்வர் பெயரை யாரும் படிப்பதில்லை, கை தன் பழக்கத்தில் என்டரைத் தட்டிவிடும். எனக்கும் ஒருமுறை அப்படித் தட்டியிருக்கிறது. மறுநாளே புரொடக்‌ஷன் திரையின் பின்னணியைச் சிவப்பாக்கினேன்.

நம் தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில், இரட்டைப் பாலம் அருகே, எத்தனை லாரிகள் கவிழ்ந்திருக்கின்றன! ஒவ்வொரு முறையும் ஓட்டுநரைக் குறை சொல்லலாம். வெவ்வேறு ஓட்டுநர்கள் ஒரே இடத்தில் தவறினால் சாலையையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

தம்பி முதலில் நன்றாகத் தூங்கட்டும். பிறகு அந்த இரவை மணிவாரியாக எழுதச் சொல்லுங்கள்: எத்தனையாவது ஷிப்ட், திரையில் என்னென்ன திறந்திருந்தன, கட்டளையைச் சரிபார்க்க உடன் ஒருவர் இருந்தாரா, பேக்கப்பை எப்போது கடைசியாக மீட்டுப் பார்த்தார்கள். அதை மேலாளரிடம் எழுத்திலேயே கொடுக்கட்டும். வேலையை விடுவதா வேண்டாமா என்பதை, அதற்கு அவர்கள் தரும் பதிலைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.